தாத்தாவின் படத்தில் இருப்பது டகோட்டாதானா?

இரணியல் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு விமானத்தின் முன்னால் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள், பின்புறம் மலையாளத்தில் 'திருவனந்தபுரம், 1952' என்று எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் டகோட்டா (டிசி-3 என்ற பழைய இரட்டை என்ஜின் விமானம்) என்கிறார்கள், கைபேசிச் செயலி வேறு பெயர் சொல்கிறது, எது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது கடைசி வரியில்தான் இருக்கிறது: தாத்தா கொழும்புக்குப் போனது இந்த விமானத்திலா? ஆக, இவை இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு விமானம் பாதி சாட்சிதான் சொல்லும், மீதியை அந்தப் பெட்டியிலேயே தேட வேண்டியிருக்கும்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில், அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பராமரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். ஆவ்ரோ, ஏஎன்-32 என்ற இரண்டு போக்குவரத்து விமானங்களிலும் கை வைத்து வேலை செய்திருக்கிறேன். இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் பட்டாளத்திலோ கப்பலிலோ வளைகுடாவிலோ இருந்த ஒருவர் இருப்பார். அதனால் 'இது என்ன பிளேன் என்று பாருங்களேன்' என்று பழைய படங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இது டகோட்டா இல்லை. இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் தயாரித்த ஹெரான் என்ற சிறிய பயணிகள் விமானம், நான்கு என்ஜின் கொண்டது. டகோட்டா பதினாறாயிரத்தை ஒட்டித் தயாரானது. ஹெரானோ மொத்தமே நூற்றைம்பதுக்குள்தான். அதனால் அதன் பெயரைக் கேள்விப்படாதவர்களே அதிகம். போர் முடிந்ததும் மிச்சமான டகோட்டாக்களை வாங்கித்தான் இந்தியாவில் பல விமானக் கம்பெனிகள் தொழிலையே தொடங்கின. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் விமானம் என்று பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அதுதான், ஆகவே உங்கள் வீட்டில் அப்படிச் சொல்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்லும் முன் ஒரு வேண்டுகோள். நீங்கள் இரண்டு படங்கள் போட்டிருக்கிறீர்கள்: அசல் ஒன்று, செயலியில் கொடுத்து வண்ணமும் தெளிவும் ஏற்றியது இன்னொன்று. இரண்டாவதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து இடது இறக்கையின் வெளி என்ஜினை மட்டும் பாருங்கள். அசலில் புரொப்பல்லருக்கு இரண்டே பிளேடுகள், கடிகார முள் பத்து மணியையும் நாலு மணியையும் காட்டுவதுபோல் சாய்ந்து நிற்கின்றன. தெளிவாக்கிய படத்தில் மூன்று! அந்த மூன்றாவது பிளேடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மங்கலாக இருந்த இடத்தில், இதுவரை பார்த்த ஆயிரக்கணக்கான படங்களை வைத்து 'இங்கே இப்படித்தான் இருக்கும்' என்று மென்பொருள் வரைந்துவிட்டது. வண்ணமும் அப்படியே வந்ததுதான், அந்த நீலப் பட்டையை யாரும் நம்ப வேண்டாம். குடும்பத்துக்குக் காட்ட அந்தப் படம் அழகாக இருக்கலாம். அடையாளம் காண வருகிறவனுக்கு அது பொய்ச் சாட்சி.

சரி, அசலுக்கு வருவோம். எங்களுக்குப் பயிற்சியில் நிழலுருப் படங்களைக் காட்டி, நான்கே விஷயங்களை அதே வரிசையில் பார்க்கச் சொல்வார்கள்: இறக்கை, என்ஜின், உடல், வால். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'வெஃப்ட்' என்பார்கள். வண்ணம், கம்பெனிப் பெயர், முத்திரை எல்லாம் இதற்கு அப்புறம்தான். தூரத்தில் வருகிற ஆளை நடையைப் பார்த்து இன்னார் என்று சொல்கிறோமே தவிர, சட்டையைப் பார்த்துச் சொல்வதில்லை. விமானமும் கை மாறும்போது சட்டையைத்தான் மாற்றுகிறது. இறக்கை எங்கே பொருந்தியிருக்கிறது, என்ஜின் எத்தனை, எந்த வகை என்பது லேசில் மாறாது.

உங்கள் படத்தில் வால் இல்லை, வலது ஓரத்தோடு வெட்டுப்பட்டுவிட்டது. ஆக நான்கில் மூன்றுதான் கையில் இருக்கிறது. இறக்கை உடலின் அடிப்பாகத்தில், ஜன்னல் வரிசைக்குக் கீழே சேர்கிறது. எனவே தாழ்ந்த இறக்கை. உடல் தரைக்கு இணையாக, மட்டமாக நிற்கிறது. இரண்டாவதாக நிற்பவரின் வேட்டிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கால் தெரிகிறது பாருங்கள், அது மூக்குச் சக்கரம். இந்த ஒன்றே டகோட்டாவை விலக்கப் போதும். டகோட்டாவுக்கு மூன்றாவது சக்கரம் வாலின் அடியில் இருக்கிறது. தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்தித்தான் நிற்கும், உள்ளே ஏறுகிறவர் சரிவில் மேலே நடந்துபோய்த்தான் முன்இருக்கையில் உட்கார வேண்டும். மட்டமாக நிற்கும் டகோட்டா என்று ஒன்று கிடையாது.

அடுத்தது என்ஜின், இந்தப் படத்தில் நிறையச் சொல்வது அதுதான். டகோட்டாவின் என்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும், அதனால் முன்பக்கம் பீப்பாய் மாதிரி அகலமாக இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது ஒடுங்கி, உயரவாக்கில் நீண்டு, அடிப்பக்கம் இறங்கியிருக்கிறது. சிலிண்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக, அதுவும் தலைகீழாகத் தொங்கவிட்டு அமைத்த என்ஜினுக்குத்தான் இந்த மூடி வரும். டி ஹாவிலாண்டின் ஜிப்சி வரிசை என்ஜின்கள் இப்படிப்பட்டவை. ஹெரானில் இருந்தது ஆறு சிலிண்டர் ஜிப்சி குயின், ஒவ்வொன்றும் 250 குதிரைத்திறன். பராமரிப்பு எளிதாக இருக்க வேண்டும் என்று சூப்பர்சார்ஜரோ கியரோ வைக்காமல் செய்தார்கள். பட்டறை வசதி இல்லாத சின்ன ஊர் ஓடுபாதைகளை மனதில் வைத்து வடிவமைத்த விமானம் அது. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவன் என்ற முறையில் அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

இப்போது இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவற்றைப் பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் அதே கம்பெனியின் டோவ் மேல்தான் வரும். 1945-ல் முதன்முதலாகப் பறந்தது, ஹெரானுக்கு அண்ணன் என்றே சொல்லலாம். அதே உப்பிய விமானி அறை, அதே மூக்கு, அதே தாழ்ந்த இறக்கை. நம் விமானப்படையும் அதன் ராணுவ வடிவமான டெவனை நெடுங்காலம் வைத்திருந்தது. வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. டோவுக்கு என்ஜின் இரண்டு, ஹெரானுக்கு நான்கு. டோவின் புரொப்பல்லரில் மூன்று பிளேடு, ஹெரானில் இரண்டு. உங்கள் செயலி டோவ் என்று சொன்னது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும்: அதுவே வரைந்த மூன்றாவது பிளேடை அதுவே நம்பியிருக்கிறது. அசலில் வெளி என்ஜினின் இரண்டு பிளேடுகளும் ஐயமில்லாமல் தெரிகின்றன. உள் என்ஜினை ஆட்கள் மறைத்தாலும், நான்காவதாக நிற்பவரின் தலைக்கு மேலே கரும்பட்டை ஒன்று செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கிறது, அது இரண்டாவது புரொப்பல்லரின் நுனி. இடது இறக்கையில் இரண்டு என்றால் மொத்தம் நான்கு.

நான்கு ஜிப்சி குயின் உள்ள இன்னொரு விமானமும் உண்டு, மைல்ஸ் மாரத்தான். அதில் இறக்கை உடலின் மேலே இருக்கும், வாலில் மூன்று செங்குத்துத் தகடுகள். அது இல்லை. அதே காலத்து டிராகன் ராபிட் இரட்டை அடுக்கு இறக்கை கொண்டது, அதுவும் இல்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேறு படங்கள் பார்க்கும்போது உதவும்: என்ஜினைக்கூட மாற்றுவார்கள். ஹெரானின் உடலை நீட்டி, நான்கு என்ஜினையும் கழற்றிவிட்டு இரண்டு டர்போபுராப் (டர்பைனால் புரொப்பல்லரைச் சுழற்றும் என்ஜின்) போட்டு கனடாவில் சான்டர்ஸ் எஸ்டி-27 என்று விற்றார்கள். டகோட்டாவுக்கே டர்போபுராப் வைத்து பாஸ்லர் கம்பெனி இன்றைக்கும் பறக்கவைக்கிறது. அதனால்தான் ஒரே அடையாளத்தை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும், அதோடு மற்ற பெயர்கள் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் கையில் இருக்க வேண்டும். இந்தப் படத்தில் அது நிறைவேறியிருக்கிறது. ஹெரான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்து எழுத்துகள். உடலின் பின்பாதியில் 'விடி-டி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன, மிச்ச இரண்டையும் ஓரத்தில் நிற்பவரின் குடை மறைக்கிறது. 1929 முதல் இந்தியாவில் பதிவான எல்லா விமானத்துக்கும் விடி தான் முன்னொட்டு. இலங்கையில் பதிவானது என்றால் 1948 முதல் 1954 வரை 'சிஒய்', அதற்குப் பிறகு '4ஆர்' என்று தொடங்கியிருக்கும். ஆகவே இது ஏர் சிலோன் விமானம் இல்லை, இந்திய விமானம். விடிக்கு அடுத்து வரும் எழுத்து காலத்தை ஓரளவு காட்டும். 1932-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் கொண்டுவந்த 'பஸ் மாத்' என்ற சிறிய விமானம் 'விடி-ஏடிஎன்'. 1948-ல் லண்டனுக்குப் போன மலபார் பிரின்சஸ் 'விடி-சிக்யூபி'. 1971-ல் வந்த முதல் ஜம்போ எம்பரர் அசோகா 'விடி-இபிடி'. ஆக, டி என்பது நடுவில் விழுகிறது. ஆனால் டி வரிசை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடியது. அது தசாப்தத்தைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

இந்த எழுத்துகளால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அவை நேராகப் படிக்க முடிவதால், படம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்படவில்லை என்பது உறுதி. ஸ்டூடியோவில் நெகட்டிவைத் தலைமாற்றி வைத்துவிடுவது அடிக்கடி நடந்த விஷயம், அப்போது விமானத்தின் கதவு தவறான பக்கத்தில் இருக்கும், ஆளும் குழம்பிப்போவான். எழுத்து தெரியாத படங்களில் ஆட்களின் சட்டைப் பையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில்தான் இருக்கும். பேனா குத்திய பை வலது பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

இப்போது அந்த 1952. இதை நான் ஏற்க மாட்டேன். ஹெரான் முதன்முதலில் சோதனையாகப் பறந்ததே 1950 மே மாதம்தான். சக்கரத்தை உள்ளே மடக்கும் இரண்டாம் வகை 1952 டிசம்பரில்தான் இங்கிலாந்தில் பறந்தது. இந்தியாவில் இதை வாங்கியது இந்தியன் ஏர்லைன்ஸ், அது எட்டு கம்பெனிகளை ஒன்றாக்கித் தொடங்கப்பட்டதே 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி. அவர்களிடம் ஹெரான் வந்தது 1950-களின் நடுவில். எனவே படம் 1952-ல் எடுத்ததாக இருக்க முடியாது. நீங்கள் அனுப்பிய பின்பக்கப் படத்தில் எழுத்து பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது போலத் தெரிகிறது, மை எங்கும் பரவவில்லை. பல வருடம் கழித்து வீட்டில் யாரோ நினைவிலிருந்து எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறேன். இது ஊகம். ஆனால் ஆண்டு தவறு என்பது ஊகம் இல்லை.

திருவனந்தபுரம் என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும். பொருத்தமானதுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. கச்சேரி (அரசு அலுவலகம்), ஆஸ்பத்திரி, கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் திருவனந்தபுரம்தான் போனார்கள். அங்கே விமான நிலையமும் 1930-களிலேயே வந்துவிட்டது, 1935-ல் டாடாவின் தபால் விமானம் இறங்கியது. மலையாளத்தில் எழுதியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் படத்துக்குள் அதை நிரூபிக்க ஒன்றும் இல்லை. பின்னணியில் தென்னை வரிசை இருக்கிறது, அவ்வளவுதான். அதே தென்னை கொச்சியிலும் இருக்கும், கொழும்பு ரத்மலானையிலும் இருக்கும். கட்டடத்தின் ஓரமோ பெயர்ப்பலகையோ கொஞ்சம் விழுந்திருந்தால் கதை வேறு. எனவே இடத்தை 'இருக்கலாம்' என்ற வரிசையிலேயே வையுங்கள்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். இடமிருந்து மூன்றாவதாக, நேரியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் தாத்தா என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பக்கத்தில் கோட் போட்டு நிற்கும் நான்காமவரின் கழுத்தில் மாலை இருக்கிறது. நம் ஊரில் வழியனுப்பப் போனால் பயணம் போகிறவருக்குத்தான் மாலை விழும். ஆகவே அன்றைக்குப் பறந்தவர் அந்தக் கோட்டுக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம், உங்கள் தாத்தா வழியனுப்ப வந்தவர்களில் ஒருவராக இருக்கலாம். இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வேறு மாதிரி எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் இதை வைத்து அவர் கொழும்புக்குப் போகவில்லை என்று ஆகிவிடாது. அந்தக் காலத்தில் இலங்கை போனவர்களில் பெரும்பாலோர் பறந்து போகவில்லை. நம் மாவட்டத்தில் அப்போது ரயிலே கிடையாது. திருநெல்வேலிவரை பஸ், பிறகு ரயில், தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில் என்றுதான் போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அதுதான் பாதை.

எனவே அதே டிரங்குப் பெட்டியில் காகிதங்களைத் தேடுங்கள். பழைய பாஸ்போர்ட், பயண அனுமதிச் சீட்டு, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் கொடுத்த மருத்துவச் சீட்டு, கொழும்பிலிருந்து வந்த கடித உறை என எது கிடைத்தாலும் அதில் தேதி முத்திரை இருக்கும். முத்திரை சொல்வதை விமானத்தின் இறக்கை சொல்லாது. அந்தக் கோட்டுக்காரர் யார் என்று குடும்பத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது 'இவர்தானே இன்னார்' என்று பெயரை நீங்களே எடுத்துக் கொடுக்காமல், படத்தை மட்டும் கையில் கொடுங்கள்.

இந்த மாதிரி அடையாளம் காண நானும் கற்றுக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், அதற்கு நம் கடற்கரை நல்ல இடம். முட்டத்திலோ சங்குத்துறையிலோ கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் திருவனந்தபுரத்துக்கு இறங்குகிற பயணிகள் விமானங்கள் கண்ணில் படும், சில நாள் கடலோரக் காவல்படையின் டார்னியரும் வரும். 2017-ல் ஒக்கிப் புயலில் நம் மீனவர்களைத் தேடி அலைந்த விமானங்களில் டார்னியரும் ஒன்று. அதை மறக்க முடியாது. இறக்கை உடலின் மேலே, இரண்டு டர்போபுராப், மூக்கு நீண்டு கூராக இருக்கும், இறக்கை நுனி முக்கோணமாகச் சீவினாற்போல் முடியும். ஏஎன்-32 வந்தால் அதற்கும் மேல்இறக்கைதான், ஆனால் என்ஜின்கள் இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். கடற்படையின் கண்காணிப்பு விமானமான பி-8ஐ-யைத் தூரத்தில் பார்த்தால் சாதாரண போயிங் 737 என்றே தோன்றும். பயணிகள் விமானத்தில் இறக்கை நுனி பெரும்பாலும் மேல்நோக்கி மடங்கியிருக்கும், பி-8ஐ-யில் மடங்காமல் பின்னோக்கிச் சரிந்து முடியும். பக்கவாட்டில் ஜன்னல் வரிசை இருக்காது. வால் நுனியில் நீர்மூழ்கியின் காந்தப் புலத்தைத் தேடும் கம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்.

கைபேசியில் எடுக்கும்போது புரொப்பல்லர் வாழைப்பழம் போல வளைந்து தெரியும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வருவது அது, பிளேடு எண்ணிக்கையை அதை வைத்து எண்ணாதீர்கள். படத்தோடு நேரமும் திசையும் குறித்து வையுங்கள். ராணுவத் தளங்களின் உள்ளே படம் எடுக்காதீர்கள். தேடுதல் நடக்கும் நாளில் எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று உடனுக்குடன் போடவும் வேண்டாம்.

உங்கள் படத்தில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கைபேசியில் எடுக்காமல், ஸ்கேனரில் வைத்து 1200 டிபிஐ-யில், எந்தத் திருத்தமும் செய்யாமல் முன்னும் பின்னும் எடுத்து அனுப்புங்கள். ஓரங்களை வெட்ட வேண்டாம், மூலையில் ஸ்டூடியோவின் அழுத்து முத்திரை இருக்கலாம். எனக்கு முக்கியமாக வேண்டியது குடையின் விளிம்பு. அதற்கு மேலே நான்காவது எழுத்தின் தலைப்பகுதி கொஞ்சம் எட்டிப்பார்க்கிற மாதிரி இருக்கிறது, இப்போதுள்ள படத்தில் அது எழுத்தா கறையா என்று தீர்மானிக்க முடியவில்லை. அது கிடைத்தால், ஹெரான்கள் தயாரித்த வரிசை எண்ணோடு பட்டியலாக இருக்கின்றன, இந்தியப் பதிவில் எது எப்போது சேர்ந்தது என்று ஒப்பிட்டு, படத்துக்கு இன்னும் நெருக்கமாக ஒரு காலவரம்பு சொல்ல முடியும்.